தங்கவயல் தொகுதி கைமாறிய கதை

கர்நாடகத்தில் சட்டசபைத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் பெங்களூர்த் தமிழர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு பேச்சு எழாமல் இருப்பதில்லை. அல்சூர் டீக்கடையானாலும் சரி, ஸ்ரீராமபுரத்துத் திண்ணையானாலும் சரி, பேச்சு கடைசியில் கோலார் தங்கவயலில் வந்து நிற்கும். "நம்ம ஆள் ஒருத்தர் விதான சவுதாவிலே இருந்தாரு, அதையும் விட்டுட்டோம்" என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். "ஒத்துமையா ஓட்டுப் போட்டா இப்பவும் ஜெயிக்கலாம்" என்று மற்றவர் ஆறுதல் சொல்வார்.

பெருமூச்சில் நியாயம் உண்டு. ஆறுதலில்தான் பிழை இருக்கிறது. தங்கவயல் தமிழர்கள் ஒற்றுமையாக ஓட்டுப் போட்டதால் ஜெயித்தார்கள் என்பது தேர்தல் கணக்கைப் புரட்டிப் பாராதவர்கள் சொல்லும் பேச்சு.

கணக்கு இதுதான். 1978இல் குடியரசுக் கட்சியின் சி.எம். ஆறுமுகம் ஜெயித்தார். 1983இல் அண்ணா தி.மு.க.வின் எம். பக்தவச்சலம். 1985இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ். மணி. 1989இல் மறுபடி பக்தவச்சலம். 1994இல் குடியரசுக் கட்சியின் எஸ். ராஜேந்திரன். 1999இல் மூன்றாம் முறையாகப் பக்தவச்சலம். 2004இல் இரண்டாம் முறையாக ராஜேந்திரன்.

ஏழு தேர்தல்கள். எந்தக் கட்சியும் அடுத்தடுத்து இருமுறை ஜெயிக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் தங்கவயல் வாக்காளர்கள் பதவியில் இருந்த கட்சியை இறக்கிவிட்டு வேறொரு கட்சியை ஏற்றினார்கள். நீலக்கொடியை இறக்கி இரட்டை இலையை ஏற்றினார்கள்; இரண்டே வருஷத்தில் இலையை இறக்கிச் செங்கொடியை ஏற்றினார்கள். இதை ஒற்றுமை என்று எப்படிச் சொல்வது? தமிழர் ஓட்டு மூன்றாகப் பிரிந்து, தங்களுக்குள் கடுமையாக மோதிக்கொண்ட தொகுதி அது. சுவரில் சின்னம் வரைவதில் சண்டை, லைனுக்குள் யார் கொடிக்கம்பம் நடுவது என்பதில் சண்டை. ஒரே வீட்டில் அண்ணன் சங்கம் வேறு, தம்பி சங்கம் வேறு.

பிரிந்து கிடந்தும் தொகுதி ஏன் கைவிட்டுப் போகவில்லை? போட்டியில் முன்னே நின்றவர்கள் எல்லாருமே அந்த லைன்களின் ஓட்டை நம்பி நின்றவர்கள். யார் ஜெயித்தாலும் ஜெயித்தவர் சுரங்கத் தொழிலாளியின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருந்தார். மொழி அங்கே ஓட்டுக் கேட்கும் விஷயமாக இருக்க அவசியமே இல்லை. எல்லா மேடையிலும் பேசியது தமிழ்தான். ஆகவே தொழிலாளி, யார் தமிழன் என்று பார்க்காமல், யார் வேலை செய்தார், யார் செய்யவில்லை என்று பார்த்து ஓட்டுப் போட்டார். இது எத்தனை பெரிய வசதி என்பது அது போன பிறகுதான் தெரிகிறது.

இந்த வழக்கம் தேர்தலில் தொடங்கியதல்ல. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் கால் வைத்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ச் சீமைகளிலிருந்து ஆள் பிடித்துக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடர்கள். ஊரில் சேரிக்குள் அடங்கிக் கிடந்தவர்களுக்கு இங்கே கூலி குறைவானாலும் கையில் காசாகக் கிடைத்தது. மூங்கில் தட்டி வீட்டில் குடியிருந்துகொண்டு பூமிக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்தவர்கள், மேலே வந்ததும் படிப்பகம் வைத்தார்கள், சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. அவர் காலத்துக்குப் பின் நின்று போன 'தமிழன்' பத்திரிகையை 1926இல் மறுபடி நடத்தியதும் தங்கவயல்காரர்களே. பெரிய பட்டணத்துத் தமிழர்களுக்குக்கூட இல்லாத சொந்த அச்சுக்கூடம் சுரங்கக் கூலிகளுக்கு இருந்தது.

1930இல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய முனைந்தது. "நாங்கள் என்ன கேடிகளா?" என்று கேட்டு சுமார் மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடந்தது. 1946 நவம்பர் 4ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் பலியானார்கள். அம்பேத்கர் 1954இல் தங்கவயலுக்கு வந்தார். இந்தப் பின்னணியில்தான் ஐம்பதுகளிலேயே அங்கே தாழ்த்தப்பட்டோர் சம்மேளனமும் கம்யூனிஸ்டுகளும் ஊன்றி நின்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் எம்.சி. நரசிம்மன் கம்யூனிஸ்டாக நின்று தங்கவயலிலிருந்து சட்டசபைக்குப் போனார். நாடெங்கும் காங்கிரஸ் மரத்தை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று சொல்லப்பட்ட காலம் அது.

இந்த ஏழு தேர்தல்களில் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. அது அவ்வளவு இனிப்பானதல்ல. 1978இல் கர்நாடகத்தை ஆண்டது இந்திரா காங்கிரஸ். 1983இலும் 1985இலும் ஜனதா. 1989இல் காங்கிரஸ், 1994இல் ஜனதா தளம், 1999இல் மறுபடி காங்கிரஸ். 2004இல் காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் சேர்ந்து அமைத்த கூட்டு மந்திரிசபை. இந்த ஏழு சந்தர்ப்பங்களில் ஒன்றில்கூட தங்கவயல் எம்.எல்.ஏ. முதலமைச்சரின் கட்சிக்காரராக இருந்ததில்லை. இருநூற்று இருபத்து நான்கு பேர் கொண்ட சபையில் பெரும்பாலும் ஒற்றை ஆளாக உட்கார்ந்தார். 1978இல் குடியரசுக் கட்சிக்குச் சபை முழுதும் ஒரே இடம். 1983, 1989, 1999 மூன்று முறையும் அண்ணா தி.மு.க.வுக்கும் ஒரே இடம். 2004இல் குடியரசுக் கட்சிக்கும் அதே ஒன்று.

ஒற்றை ஆளால் என்ன செய்ய முடியும்? எழுந்து கேட்கலாம். சபைக் குறிப்பில் ஏற்றலாம். மந்திரி வீட்டு வாசலில் காத்திருக்கலாம். மானியக் கோரிக்கையில் ஒரு ரூபாயைக் கூட்ட முடியாது. சுரங்கமோ மாநில அரசின் கையிலும் இல்லை. 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசிடம் போயிற்று. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி ஆயிற்று. தொழிலாளி ஓட்டுப் போட்டு அனுப்பியது பெங்களூருக்கு. அவர் தலையெழுத்தை எழுதியது டில்லி. கொடியின் நிறத்தைப் பற்றி இத்தனை சண்டை போட்டவர்கள் இந்த முரணைப் பற்றி அன்றே பேசியிருக்க வேண்டும்.

அண்ணா தி.மு.க.வின் வெற்றிகளையும் இந்த இடத்தில் நிதானமாக எடை போட வேண்டும். 1982இல் கோகாக் அறிக்கையை ஒட்டிக் கர்நாடகம் எங்கும் கன்னடத்துக்காகப் பெரும் கிளர்ச்சி நடந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு அடிவயிற்றில் பயம். சென்னையில் எம்.ஜி.ஆர். முதலமைச்சர். அடுத்த வருஷத் தொடக்கத்திலேயே தேர்தல். இரட்டை இலை ஜெயித்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1985லேயே அதே மக்கள் அந்த இலையைக் கீழே வைத்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எம்.ஜி.ஆர். அப்போதும் முதலமைச்சர்தான், அவர்மீது இருந்த பாசம் குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். படத்தை வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஓட்டை வேறு இடத்தில் போட்டார்கள். பாசம் வேறு, ஓட்டு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த வாக்காளர்கள் நாட்டில் எத்தனை தொகுதியில் இருக்கிறார்கள்?

பிறகு 2001 வந்தது.

ஒரு டன் பாறைக்கு மூன்று கிராம் அளவுக்குத் தங்கம் இறங்கிவிட்டது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. இறங்கி ஏறும் செலவே கட்டுப்படி ஆகவில்லை என்று கணக்குச் சொன்னார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வரை வேலை செய்த இடத்தில் கடைசியாக மிச்சமிருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரும் வெளியே வந்தார்கள். சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டு சோறு பொங்கிய வீடுகளில் அடுத்த நாள் காலை மணி என்னவென்று தெரியாமல் போயிற்று.

தேர்தல் கதைக்கு அவசியமான ஒரு விவரம் இங்கே இருக்கிறது. அதே 2001இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை நாடெங்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சுரங்கம் மூடிய நாளும் கணக்கெடுப்பு முடிந்த நாளும் ஒன்றே. அந்தக் கணக்கெடுப்பை வைத்துத்தான் பிறகு தொகுதிகளின் எல்லையை மாற்றி வரைந்தார்கள். கணக்கு எடுக்க வந்தவர் ஒவ்வொரு லைன் வீட்டிலும் தலையை எண்ணிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டுக்காரர் கடைசிச் சம்பளத்தை எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த சில வருஷங்களில் எத்தனையோ குடும்பங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்தன. இருந்தவர்கள் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடிகாலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் வந்து இரவு திரும்பும் பிழைப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

2008இல் புது எல்லை அமலுக்கு வந்தது. பக்கத்திலிருந்த பேத்தமங்கலா என்ற தொகுதி ரத்தாயிற்று. அதன் கிராமங்களில் பல தங்கவயல் தொகுதியோடு சேர்ந்தன. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, உரிகாம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று தமிழ் ஓட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த தேர்தல், ஒரே நாளில் கன்னடமும் தெலுங்கும் பேசும் கிராமங்கள் வரை விரிந்தது. அந்தத் தேர்தலில் பாரதிய ஜனதாவின் ஒய். சம்பங்கி ஜெயித்தார். 2013இல் அவர் தாயார் ராமக்கா அதே கட்சியில் ஜெயித்தார். 2018இல் காங்கிரசின் எம். ரூபகலா வந்தார்; அவர் கோலாரிலிருந்து ஏழு முறை பாராளுமன்றம் போன கே.எச். முனியப்பாவின் மகள். அவரை எதிர்த்து நின்றவர் சம்பங்கியின் மகள். 2023இலும் இதே இருவர் மோத, ரூபகலா ஏறத்தாழ ஐம்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

பெண்கள் மட்டுமே மேலே நிற்க, ஆண்கள் மட்டுமே கூண்டில் இறங்கிய ஊர் அது. அந்தத் தொகுதி 2013, 2018, 2023 மூன்று முறையும் பெண்களையே சட்டசபைக்கு அனுப்பியது. அதுவரைக்கும் நல்லதுதான். ஆனால் முன்பு சங்கத்தில் சந்தா வசூலித்து, ஜெயிலுக்குப் போய் வந்து, பிறகு வேட்பாளரானார்கள். இப்போது இரண்டு வீடுகளுக்குள் போட்டி. அந்த வீடுகளில் உள்ளவர்கள் திறமையற்றவர்கள் என்று சொல்ல வரவில்லை. சங்கம் என்ற பள்ளிக்கூடம் மூடிவிட்டது. வேட்பாளரை உருவாக்க வேறு இடம் இல்லாதபோது குடும்பம் அந்த வேலையைச் செய்கிறது, அவ்வளவே.

ஆக, தொகுதி கைமாறியதற்குத் தமிழரின் ஒற்றுமைக் குறைவு காரணமல்ல. ஒற்றுமை முன்பும் இல்லை. சுரங்கம் மூடியது ஒரு காரணம். எல்லை மாறியது மற்றொரு காரணம். இரண்டையும் டீக்கடைச் சபதத்தால் திருப்பிவிட முடியாது. "தமிழர் ஓட்டுத் தமிழருக்கே" என்று இன்று ஒருவர் தங்கவயலில் கிளம்பினால், அவர் செய்யும் முதல் காரியம் பேத்தமங்கலாக் கிராமங்களின் ஓட்டை எதிராளி வீட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த பெங்களூர்த் தமிழர்களுக்கு, மொழியைச் சொல்லி ஓட்டுக் கேட்பதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று விளக்க வேண்டியதில்லை.

பேத்தமங்கலாவை அயலூர் என்று நினைப்பதே தவறு. தங்கவயலுக்குக் குடிதண்ணீர் வந்தது எங்கிருந்து? பாலாற்றின் குறுக்கே உள்ள பேத்தமங்கலா ஏரியிலிருந்து. நூறு வருஷத்துக்கு முன்பே குழாய் போட்டு அந்த ஏரித் தண்ணீரைச் சுரங்கத்துக்கு ஏற்றினார்கள். சுரங்கத்தில் இயந்திரம் ஓடியதும் லைனில் உலை கொதித்ததும் அந்தத் தண்ணீரால். அதே பாலாறுதான் கீழே இறங்கி, தொழிலாளர்களின் பாட்டன் பூட்டன் விட்டுவந்த வட ஆற்காட்டு மணலில் போகிறது. எல்லை வரைந்த அதிகாரிகள் 2008இல் சேர்த்ததை ஆறு எப்போதோ சேர்த்து வைத்திருந்தது.

இன்று அந்தக் கிராமத்து விவசாயி தக்காளி போடுகிறார், பட்டுப்புழு வளர்க்கிறார், பால் ஊற்றுகிறார். ஆழ்துளைக் கிணற்றை ஆயிரம் அடிக்கும் கீழே இறக்கித் தண்ணீர் தேடுகிறார். அவர் பிள்ளையும் வேலைக்காகப் பெங்களூர் ரயில்தான் ஏறுகிறான். தண்ணீர், ரயில், உள்ளூரில் வேலை ஆகிய மூன்றிலும் லைன்காரரின் கோரிக்கையும் கிராமத்தாரின் கோரிக்கையும் ஒன்றே. அந்த மூன்றைச் சொல்லி இரண்டு பக்கமும் ஓட்டுக் கேட்கக்கூடிய ஓர் ஆள், தமிழ் பேசுபவரோ கன்னடம் பேசுபவரோ, இன்னும் முளைக்கவில்லை. அந்த ஆளைத் தேடும் வேலையைச் செய்யாமல், போன கட்சிகளின் கொடியைத் தூசு தட்டிக்கொண்டிருப்பதில் என்ன பிரயோஜனம்?

கேட்க வேண்டிய கேள்விகளுக்கும் பஞ்சமில்லை. தங்கவயலில் இறங்கியதும் கண்ணில் படுவது சயனைடு மேடுகள். நூற்றிருபது வருஷம் பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய தூள் மலையாய்க் குவிந்து கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூள் சோற்றுப் பாத்திரம் வரை வருகிறது. அந்தத் தூளிலும் கொஞ்சம் தங்கம் மிச்சமிருக்கிறது. 2024 ஜூன் மாதம் கர்நாடக மந்திரிசபை, பதின்மூன்று மேடுகள் கிடக்கும் ஆயிரத்துச் சொச்சம் ஏக்கரில் மறுபடி தங்கம் எடுக்கும் யோசனைக்கு ஒப்புதல் கொடுத்தது. செய்தி வந்ததும் தங்கவயலில் பலருக்கு மகிழ்ச்சி. மகிழ்வதற்கு முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன. மேட்டை இயந்திரத்தால் வாரிக்கொண்டு போக எத்தனை ஆள் வேண்டும்? அந்த ஆட்களில் தங்கவயல்காரர் எத்தனை பேர்? தூளைக் கிளறும்போது பறக்கும் தூசுக்கு யார் பொறுப்பு? முன்பு போல் கான்டிராக்டர் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால், அன்று வட ஆற்காட்டிலிருந்து வந்து இறங்கியவரின் பேரப்பிள்ளை இன்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா?

லைன் வீடுகளின் கதை இன்னொன்று. கம்பெனி வீட்டில் பிறந்து, கம்பெனி வீட்டில் கல்யாணம் செய்து, சுரங்கம் மூடியபின் அந்த வீடு யாருடையது என்ற கேள்வியோடு நின்றவர்கள் ஆயிரக்கணக்கில். நிலமும் மத்திய அரசுக் கம்பெனியின் நிலம். இங்கேதான் பழைய முரண் மறுபடி தலை தூக்குகிறது. மேட்டுக்கு ஒப்புதல் பெங்களூர் கொடுக்கிறது, கம்பெனி டில்லியிடம் இருக்கிறது. சட்டசபை வேட்பாளர் மட்டும் பதில் சொன்னால் போதாது. பாராளுமன்ற வேட்பாளரையும் அதே மேடையில் நிறுத்திக் கேட்க வேண்டும். ஒற்றை எம்.எல்.ஏ.வை அனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்த முப்பது வருஷத்தில் கற்றிருக்க வேண்டிய பாடம் அது.

ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்று ஒரு கட்சியார் சொல்கிறார்கள். 2008இல் மாநிலத்தை ஆண்ட கட்சியும் தங்கவயலில் ஜெயித்த கட்சியும் ஒன்றாயின. 2023இலும் அப்படியே. விடிகாலை ரயிலில் நிற்கக்கூட இடமில்லாத கூட்டம் அதனால் குறைந்துவிடவில்லை. தனி ஆளாக நின்றாலும் குறையவில்லை, ஆளுங்கட்சியோடு சேர்ந்தாலும் குறையவில்லை என்றால், குறை எம்.எல்.ஏ. உட்காரும் வரிசையில் இல்லை. அன்று ஒரு காரியம் இருந்தது: வேலை செய்யாதவர் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போவார் என்ற பயம். ஏழு தேர்தல்கள் அந்தப் பயத்தைக் காப்பாற்றின. சங்கக் கட்டடத்தில் மாலையில் கூடி எம்.எல்.ஏ.வை முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் இன்று பீன்யாவிலும் பொம்மசந்திராவிலும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே பெங்களூரில் இருக்கும் தங்கவயல்காரர்களுக்கு இதில் நேரடியாகச் சம்பந்தம் உண்டு. வாரம் ஆறு நாள் இங்கே அறையெடுத்துத் தங்கி, ஞாயிறு மட்டும் ஊர் போகிறவர் பலர். அவர்களில் சிலருக்கு இரண்டு இடத்திலும் ஓட்டர் பட்டியலில் பெயர் இருக்கிறது. சிலருக்கு இரண்டு இடத்திலும் இல்லை. ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான் இருக்கலாம் என்பது சட்டம். இரண்டு இடத்தில் வைத்துக்கொள்வது கெட்டிக்காரத்தனம் அல்ல, குற்றம். குடும்பத்தோடு பெங்களூரிலேயே குடிவந்துவிட்டவர் பெயரை இங்கே மாற்றிக்கொண்டு, இங்குள்ள வார்டில் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் குரல் கொடுப்பதுதான் முறை. மனைவி மக்கள் லைனில் இருக்க, தான் மட்டும் பிழைப்புக்கு வந்து போகிறவர், பெயர் தங்கவயலில் உயிரோடு இருக்கிறதா என்று தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை என்று எழுதிப் பெயரை நீக்கிவிட்டால், ஓட்டுச் சாவடியில் நின்று சத்தம் போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தங்கவயல் தனித்தொகுதி என்பதையும் மறக்கக் கூடாது. கர்நாடகத்தின் அட்டவணைச் சாதிப் பட்டியலில் உள்ளவர், மாநிலத்தில் எந்தத் தொகுதியின் வாக்காளராக இருந்தாலும் அங்கே நிற்கலாம். வெளியூர்க்காரர் வந்து நிற்பதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. அதே சட்டப்படி, பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கவயல் பிள்ளை ஒருவனும் நிற்கலாம். மூன்று தலைமுறையாகச் சான்றிதழ் வைத்திருக்கும் குடும்பங்களில் படித்த பிள்ளைகள் குறைவில்லை. பி.இ.எம்.எல். தொழிற்சாலையிலும் ரயில்வேயிலும் ஆஸ்பத்திரிகளிலும் தங்கவயல் பிள்ளைகள் பொறுப்பான இடங்களில் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் ஊர்ப்பக்கம் தலைகாட்டி ஒரு கூட்டத்தில் பேசுவதுகூட இல்லை என்பது லைன்களில் கேட்கும் புகார். ரூபாய் அனுப்புகிறார்கள், வருவதில்லை.

ஓட்டுப் பதிவு நாளில் லீவு கிடைக்காது என்பது பலர் சொல்லும் சாக்கு. அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு, ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு அன்று சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்கிறது. கம்பெனி தனியாருடையது என்றாலும் அது பொருந்தும், தினக்கூலிக்கும் பொருந்தும். சம்பளம் பிடித்தால் முதலாளிக்கு அபராதம். கான்டிராக்டரிடம் இதைத் தனியாகப் போய்க் கேட்டால் மறுநாள் வர வேண்டாம் என்பார். ஒரே ஷெட்டில் வேலை செய்யும் தங்கவயல்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து, ஒரு வாரம் முன்னதாக, எழுத்து மூலம் கேட்டால் அவர் யோசிப்பார். அந்தப் பத்துப் பேர் எந்தக் கட்சி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.